துப்பாக்கியின் பின்னுதைப்பும் அதனைத் தணிக்கும் முறைகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
அலகு: நியூற்றனின் இயக்க விதிகளும் உந்தமும்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்
• பின்னுதைப்பு ஏன் ஏற்படுகிறது என்பதை நியூற்றனின் விதிகளைக் கொண்டு விளக்குவீர்கள்.
• பின்னுதைக்கும் பொருளின் திணிவு மாறும்போது உந்தம், வேகம், இயக்கப்பாட்டுச் சக்தி ஆகியவற்றுள் எது மாறும், எது மாறாது எனக் கூறுவீர்கள்.
• மோதும் நேரத்தை நீட்டுவதால் விசை குறைவதைக் கணித்துக் காட்டுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, வேகமாக வரும் கிரிக்கெற் பந்தை நீங்கள் எவ்வாறு பிடிப்பீர்கள்? கைகளை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை எரியும். பந்து கையில் பட்டதும் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டால் நோவு தெரியாது. பந்து ஒன்றுதான், அதன் வேகமும் ஒன்றுதான். அவ்வாறாயின் நோவு மட்டும் ஏன் குறைந்தது?

இக்கேள்விக்கான விடையே இப்பாடத்தின் சாரம். துப்பாக்கியின் பிடங்கினுள் வைக்கப்படும் விற்சுருளும், பீரங்கியின் கீழே பொருத்தப்படும் எண்ணெய் உருளையும், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் உட்பஞ்சும் இந்த ஒரே விடையைப் பயன்படுத்தியே தொழிற்படுகின்றன.

2. பின்னுதைப்பு என்றால் என்ன?

ரவையிலுள்ள வெடிமருந்து எரியும்போது உயர் அமுக்கமுள்ள வாயு உண்டாகின்றது. இவ்வாயு சன்னத்தை முன்னோக்கித் தள்ளுகின்றது. அதே வேளை துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. துப்பாக்கி பின்னோக்கி இயங்கும் இவ்வியக்கமே பின்னுதைப்பு எனப்படும்.

நியூற்றன் 1687 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கூறிய மூன்றாம் விதியின்படி, ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு. சன்னத்தின் மீதுள்ள விசையும் துப்பாக்கியின் மீதுள்ள விசையும் பருமனில் சமன், திசையில் எதிர். இரண்டும் ஒரே நேர அளவுக்கே தொழிற்படுகின்றன.

இங்கு ஒரு ஐயம் எழலாம். சமனும் எதிருமான விசைகள் ஒன்றையொன்று இல்லாமற் செய்துவிடாதா? செய்யாது. ஏனெனில் அவை இரு வேறு பொருள்களின் மீது தொழிற்படுகின்றன. ஒரே பொருளின் மீது தொழிற்படும் சமனும் எதிருமான விசைகளே ஒன்றையொன்று சமப்படுத்தும்.

3. உந்தமும் கணத்தாக்கும்

உந்தம் = திணிவு × வேகம்

திணிவு கிலோகிராமிலும் வேகம் செக்கனுக்கு மீற்றரிலும் இருப்பின் உந்தத்தின் அலகு கிகி மீ செ⁻¹ ஆகும்.

நியூற்றனின் இரண்டாம் விதியைப் பின்வருமாறும் எழுதலாம்.

விசை = உந்த மாற்றம் ÷ எடுத்த நேரம்

அல்லது

விசை × நேரம் = உந்த மாற்றம்

விசையினதும் நேரத்தினதும் பெருக்கம் கணத்தாக்கு எனப்படும். சன்னத்துக்கும் துப்பாக்கிக்கும் விசையும் சமன், நேரமும் சமன். ஆகவே இரண்டும் பெறும் உந்தமும் பருமனில் சமனாகவே இருக்க வேண்டும்.

உதாரணம் 1
10 கிராம் திணிவுடைய சன்னம் 800 மீ செ⁻¹ வேகத்துடன் 4 கிலோகிராம் திணிவுடைய ஓய்விலுள்ள துப்பாக்கியிலிருந்து வெளியேறுகின்றது. துப்பாக்கியின் பின்னுதைப்பு வேகம் யாது? (வெளியேறும் வாயுவின் உந்தத்தைப் புறக்கணிக்க.)

தீர்வு
சன்னத்தின் உந்தம் = 0.01 × 800 = 8 கிகி மீ செ⁻¹
துப்பாக்கியின் உந்தம் = 8 கிகி மீ செ⁻¹ (எதிர்த் திசையில்)
பின்னுதைப்பு வேகம் = 8 ÷ 4 = 2 மீ செ⁻¹

உண்மையில் வாயுவும் குழலின் வாயினூடாக முன்னோக்கிப் பாய்வதால் பின்னுதைப்பு இதனிலும் சற்றுக் கூடுதலாக இருக்கும். பரீட்சையில் வாயு பற்றி ஏதும் தரப்படாவிடின் அதனைப் புறக்கணிக்கலாம்.

இப்போது இயக்கப்பாட்டுச் சக்தியை ஒப்பிடுவோம்.
சன்னம்: ½ × 0.01 × 800 × 800 = 3200 யூல்
துப்பாக்கி: ½ × 4 × 2 × 2 = 8 யூல்

உந்தம் சமன், சக்தியோ 400 மடங்கு வேறுபடுகின்றது. திணிவுகளின் விகிதமும் 400 என்பதை அவதானியுங்கள். சன்னம் இலக்கைத் துளைப்பதற்கும், துப்பாக்கி தோளை இடிப்பதோடு நின்றுவிடுவதற்கும் இவ்வேறுபாடே காரணமாகும்.

4. திணிவைக் கூட்டினால் என்ன நடக்கும்?

அதே துப்பாக்கியில் 1 கிலோகிராம் திணிவைச் சேர்த்து மொத்தம் 5 கிலோகிராம் ஆக்குவதாகக் கொள்வோம். சன்னத்தில் மாற்றமில்லை.

பின்னுதைப்பு உந்தம் = 8 கிகி மீ செ⁻¹ (மாறவில்லை)
பின்னுதைப்பு வேகம் = 8 ÷ 5 = 1.6 மீ செ⁻¹ (குறைந்துள்ளது)
இயக்கப்பாட்டுச் சக்தி = ½ × 5 × 1.6 × 1.6 = 6.4 யூல் (குறைந்துள்ளது)

ஆகவே "திணிவைக் கூட்டினால் பின்னுதைப்பு குறையும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. எது குறைகின்றது எனக் குறிப்பிட வேண்டும். வேகமும் இயக்கப்பாட்டுச் சக்தியும் குறைகின்றன; உந்தம் குறைவதில்லை.

சுடுவோருக்குப் பிடங்கைத் தோளோடு இறுக அணைத்துப் பிடிக்கும்படி கற்பிக்கப்படுவதன் காரணமும் இதுவே. இறுக அணைத்தால் துப்பாக்கியும் உடலும் ஏறத்தாழ ஒரே பொருளாகப் பின்னோக்கி நகரும். உடலின் திணிவு 60 கிலோகிராம் எனின் மொத்தத் திணிவு 64 கிலோகிராம். வேகம் 8 ÷ 64 = 0.125 மீ செ⁻¹ மாத்திரமே. தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி முதலில் 2 மீ செ⁻¹ வேகத்தைப் பெற்று, பின்னரே தோளில் மோதும்.

நிறையா? திணிவா?
பேச்சு வழக்கில் "பாரமான துவக்கு குறைவாக உதைக்கும்" என்பர். ஆயினும் இங்கு முக்கியமானது நிறையன்று, திணிவே. சந்திரனில் ஒரு பொருளின் நிறை புவியிலுள்ளதன் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகும். திணிவு மாறுவதில்லை. ஆகவே அதே துப்பாக்கி அதே சன்னத்தைச் சந்திரனில் சுட்டாலும் பின்னுதைப்பு வேகம் மாறாது. திணிவின் அலகு கிலோகிராம். நிறையின் அலகு நியூற்றன். இவற்றை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

5. நேரத்தை நீட்டுதல் – தணிப்பியின் வேலை

2 மீ செ⁻¹ வேகத்துடன் பின்னோக்கி வரும் 4 கிலோகிராம் துப்பாக்கியைத் தோள் ஓய்வுக்குக் கொண்டுவர வேண்டும். உந்த மாற்றம் 8 கிகி மீ செ⁻¹.

0.01 செக்கனில் நிறுத்தினால்: சராசரி விசை = 8 ÷ 0.01 = 800 நியூற்றன்
0.1 செக்கனில் நிறுத்தினால்: சராசரி விசை = 8 ÷ 0.1 = 80 நியூற்றன்

800 நியூற்றன் என்பது 80 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறைக்குச் சமன். நேரம் 10 மடங்காகும்போது விசை பத்திலொன்றாகின்றது. பிடங்கின் முடிவிலுள்ள இறப்பர் அட்டை இவ்வேலையையே செய்கின்றது. அது நசிந்து கொடுப்பதால் நிறுத்தும் நேரம் நீளுகின்றது.

தானாகவே அடுத்த ரவையை ஏற்றும் சில துப்பாக்கிகளின் பிடங்கினுள் ஒரு குழாய் உண்டு. அதனுள் ஒரு விற்சுருளும் அதன் முன்னே ஒரு திணிவும் இருக்கும். சுடும்போது வாயுவினாற் பின்தள்ளப்படும் பாகம் இத்திணிவையும் தள்ளிக்கொண்டு சென்று விற்சுருளை அமுக்கும். இயக்கப்பாட்டுச் சக்தியின் பெரும்பகுதி விற்சுருளில் அழுத்தச் சக்தியாகச் சேமிக்கப்படும். பின்னர் விற்சுருள் நீண்டு அப்பாகத்தை முன்னே தள்ளும். அடுத்த ரவை ஏறும்.

இத்திணிவை வடிவமைப்பவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அசையும் பாகங்கள் யாவும் சேர்ந்து 2 கிகி மீ செ⁻¹ உந்தத்தைப் பெறுவதாகக் கொள்வோம்.

மொத்தத் திணிவு 0.4 கிலோகிராம் எனின்: வேகம் 5 மீ செ⁻¹, சக்தி 5 யூல்
மொத்தத் திணிவு 0.5 கிலோகிராம் எனின்: வேகம் 4 மீ செ⁻¹, சக்தி 4 யூல்

திணிவு மிகக் குறைந்தால் பாகம் அதிவேகமாகச் சென்று குழாயின் அந்தத்தில் மோதும். தோளில் கூர்மையான இடி உணரப்படும். பாகங்கள் தேயும், உடையும். திணிவு மிகக் கூடினால் பாகத்துக்குக் கிடைக்கும் சக்தி விற்சுருளை முழுமையாக அமுக்கப் போதாது. அது பாதி வழியில் திரும்பிவிட, அடுத்த ரவை ஏறாது சிக்கும். ஆகவே திணிவு, விற்சுருள், வாயுவின் அமுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் வீட்டில் மாற்றிப் பார்ப்பது மற்ற இரண்டின் பொருத்தத்தையும் குலைத்துவிடும். துவக்கின் பாகங்களில் கைவைப்பது ஆபத்தானது. அது மாணவர் வேலையுமன்று. அதே விதியை ஒரு சிறு பலகையில் ஆபத்தின்றிச் சோதிக்கலாம்.

6. செயற்பாடு – திணிவை மாற்றிப் பின்னுதைப்பை அளத்தல்

தேவையான பொருள்கள்: ஏறத்தாழ 20 செ.மீ. நீளமான சிறு பலகை, மூன்று ஆணிகள், இறப்பர் வளையம், தையல் நூல், மணல் நிரப்பி ஒட்டிய நெருப்புப் பெட்டி, உருண்டையான பென்சில்கள் 10, ஒரேயளவான பழைய மின்கலங்கள் சில, அடிமட்டம், கத்தரிக்கோல்.

செய்முறை
(அ) பலகையின் ஒரு முனைக்கு அருகே இரு ஆணிகளைப் பக்கம் பக்கமாகவும், மற்றைய முனைக்கு அருகே நடுவில் ஓர் ஆணியையும் அரைவாசி வரை அறையுங்கள்.
(ஆ) இறப்பர் வளையத்தை இரு ஆணிகளிலும் மாட்டி, நடுப்பகுதியை மூன்றாம் ஆணியை நோக்கி இழுத்து நூலாற் கட்டுங்கள்.
(இ) பென்சில்களை மேசை மீது சமாந்தரமாகச் சம இடைவெளியில் அடுக்கி, அவற்றின் மீது பலகையை வையுங்கள். இழுபட்ட இறப்பரின் முன்னே நெருப்புப் பெட்டியை வையுங்கள்.
(ஈ) பலகையைத் தள்ளாது நூலை வெட்டுங்கள். பலகை பின்சென்ற தூரத்தை அளவுங்கள்.
(உ) பலகையின் மீது மின்கலங்களை ஒட்டுநாடாவால் ஒட்டித் திணிவைப் படிப்படியாகக் கூட்டி மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று வாசிப்புகள் எடுத்துச் சராசரி காணுங்கள்.

கவனம்: பெட்டி பாயும் திசையில் எவரும் நிற்கக்கூடாது. இறப்பருக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம்.

அவதானம்: பெட்டி முன்னே பாய, பலகை பின்னே செல்லும். பலகையின் திணிவு கூடக் கூட அது பின்செல்லும் தூரம் குறையும்.

சிந்திக்க: பலகையின் திணிவை இரு மடங்காக்கினால் தூரம் அரைவாசியாகக் குறையுமா? அதனிலும் கூடுதலாகக் குறைவதைக் காண்பீர்கள். திணிவு இரு மடங்காகும்போது வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். உராய்வினால் ஓய்வுக்கு வரும் பொருள் செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தூரம் ஏறத்தாழ காற்பங்காக வேண்டும். பென்சில்களின் இடைவெளி, மேசையின் சரிவு போன்றவற்றால் உங்கள் வாசிப்புகள் சற்று விலகலாம். பலகை பெட்டியிலும் பன்மடங்கு திணிவுடையதாயின் பேறு நன்றாக அமையும்.

7. வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம்

பாய்க்கப்பற் போர்க் காலத்தில் கப்பலின் பீரங்கிகள் சில்லுகள் பூட்டிய வண்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. சுட்டதும் பீரங்கி வண்டியோடு பின்னோடும். தடித்த கயிறு அதனை நிறுத்தும். பின்னர் ஆட்கள் கூடி அதனை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தி மீண்டும் குறிபார்க்க வேண்டும். நிலத்திற் பயன்பட்ட பீரங்கிகளின் நிலையும் இதுவே.

1897 ஆம் ஆண்டு பிரான்சில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 75 மில்லிமீற்றர் பீரங்கி இந்நிலையை மாற்றியது. அதில் குழல் மட்டும் வண்டியின் மீது ஏறத்தாழ 1.2 மீற்றர் பின்னோக்கி வழுக்கிச் செல்லும். குழலோடு இணைந்த உருளையில் எண்ணெய் சிறு துவாரத்தினூடாகத் தள்ளப்படுவதால் இயக்கம் தணியும். அமுக்கப்பட்ட வளி குழலை மீண்டும் முன்னே கொண்டுவரும். வண்டி அசையாது நிற்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிபார்க்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற குழு நிமிடத்துக்கு 15 தடவைகள் வரை சுட முடிந்தது. 1914–1918 முதலாம் உலகப் போரில் இது பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது.

உதாரணம் 2
6 கிலோகிராம் எறிகணை 500 மீ செ⁻¹ வேகத்துடன் வெளியேற, 500 கிலோகிராம் திணிவுடைய குழல் பின்னோக்கிச் சென்று சீரான அமர்முடுகலுடன் 1.2 மீற்றர் தூரத்தில் ஓய்வடைகின்றது. குழலை நிறுத்தும் விசையைக் காண்க.

தீர்வு
எறிகணையின் உந்தம் = 6 × 500 = 3000 கிகி மீ செ⁻¹
குழலின் தொடக்க வேகம் = 3000 ÷ 500 = 6 மீ செ⁻¹
சராசரி வேகம் = (6 + 0) ÷ 2 = 3 மீ செ⁻¹
நிறுத்த எடுத்த நேரம் = 1.2 ÷ 3 = 0.4 செக்கன்
விசை = 3000 ÷ 0.4 = 7500 நியூற்றன்

சரிபார்த்தல்: இயக்கப்பாட்டுச் சக்தி = ½ × 500 × 6 × 6 = 9000 யூல். வேலை = விசை × தூரம் என்பதால் விசை = 9000 ÷ 1.2 = 7500 நியூற்றன். இரு வழியிலும் ஒரே விடை.

குழல் 1.2 செ.மீ. தூரத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தால் விசை 100 மடங்காகி 750 000 நியூற்றனாக இருந்திருக்கும்.

8. மாணவர் அடிக்கடி விடும் தவறுகள்

• "தணிப்பி பின்னுதைப்பு உந்தத்தை இல்லாமற் செய்கின்றது." தவறு. உந்தம் முழுவதும் ஈற்றில் தோளுக்கோ நிலத்துக்கோ சென்றே தீரும். தணிப்பி அதனை நீண்ட நேரத்துக்குப் பரப்பி விசையைக் குறைக்கின்றது.
• "துப்பாக்கி பாரமானது, ஆகவே அதன் மீதுள்ள விசை குறைவு." தவறு. விசைகள் சமன். திணிவு கூடியதால் ஆர்முடுகலே குறைவு.
• கிராமை கிலோகிராமாக மாற்றாது கணித்தல். 10 கிராம் = 0.01 கிலோகிராம்.
• உந்தத்துக்குத் திசை குறிப்பிடாமை. உந்தம் ஒரு காவிக் கணியமாகும்.

9. பயிற்சி வினாக்கள்

1. ஓய்விலுள்ள துப்பாக்கியிலிருந்து சன்னம் வெளியேறும்போது சன்னத்துக்கும் துப்பாக்கிக்கும் பருமனில் சமனாக இருப்பது
(1) வேகம் (2) இயக்கப்பாட்டுச் சக்தி (3) உந்தம் (4) ஆர்முடுகல்

2. பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னிழுப்பதால்
(1) பந்தின் உந்த மாற்றம் குறையும்
(2) பந்தை நிறுத்தும் நேரம் கூடும்
(3) பந்தின் திணிவு குறையும்
(4) பந்தின் தொடக்க வேகம் குறையும்

3. 40 கிலோகிராம் திணிவுடைய சிறுவன், ஓய்விலுள்ள 80 கிலோகிராம் வள்ளத்திலிருந்து கரையை நோக்கி 2 மீ செ⁻¹ வேகத்துடன் பாய்கின்றான். நீரின் தடையைப் புறக்கணித்தால் வள்ளத்தின் வேகம்
(1) கரையை நோக்கி 1 மீ செ⁻¹ (2) கரைக்கு எதிராக 1 மீ செ⁻¹ (3) கரைக்கு எதிராக 2 மீ செ⁻¹ (4) பூச்சியம்

4. அமைப்புக் கட்டுரை வினா
மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் ஒருவரின் தலை 6 மீ செ⁻¹ வேகத்துடன் வீதியில் மோதுகின்றது. தலையின் திணிவு 5 கிலோகிராம் எனக் கொள்க.
(அ) தலையின் உந்தம் யாது?
(ஆ) தலைக்கவசமின்றி 0.002 செக்கனில் தலை ஓய்வடையுமாயின் சராசரி விசை யாது?
(இ) தலைக்கவசத்தின் உட்பஞ்சு நசிவதால் அந்நேரம் 0.01 செக்கனாக நீளுமாயின் விசை யாது?
(ஈ) ஒரு முறை மோதி நசிந்த தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. காரணம் கூறுக.

விடைகள்
1. (3)  2. (2)  3. (2)
4. (அ) 5 × 6 = 30 கிகி மீ செ⁻¹
(ஆ) 30 ÷ 0.002 = 15 000 நியூற்றன்
(இ) 30 ÷ 0.01 = 3000 நியூற்றன்
(ஈ) நசிந்த பஞ்சு மீண்டும் போதியளவு நசியாது. எனவே அடுத்த மோதலில் நிறுத்தும் நேரம் நீளாது, விசை குறையாது.

வினா 4 இலுள்ள 6 மீ செ⁻¹ என்பது பெரிய வேகமன்று. 1.8 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தை அடையும்போது பெறும் வேகமே அது. வளர்ந்த ஒருவர் நின்ற நிலையிலிருந்து தலை தரையில் அடிபட விழுந்தாற்கூட ஏறத்தாழ இவ்வேகம் கிடைக்கலாம். ஆகவே "மெதுவாகத்தானே போகிறோம், பக்கத்துக் கடைக்குத்தானே" என்று தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கொழுவிச் செல்பவருக்கு இக்கணக்கை ஒரு முறை செய்து காட்டுங்கள்.

நினைவிற் கொள்க: உந்தத்தை அழிக்க முடியாது. அதனை நிறுத்தும் நேரத்தை நீட்டலாம். நேரம் நீண்டால் விசை குறையும்.